கிட்டாரும் கால் சுவிட்சும்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தேரின் உயரத்தையும் சிற்ப வேலைப்பாட்டையும் நிமிர்ந்து நோக்கி வியப்பார் பலர். அச்சாணியைக் குனிந்து நோக்குவார் மிகச் சிலரே. இவ்வுண்மை தேருக்கு மட்டுமன்று, மனிதன் செய்த கருவிகள் யாவற்றிற்கும் பொருந்தும். மின்கிட்டார் வாசிப்போர் தம் காலடியில் வைத்துக்கொள்ளும் எஃபெக்ட்ஸ் பெடல் என்னும் சிறு பெட்டிக்கு அச்சாணியாய் அமைந்தது அதன் கால் சுவிட்சே. அது பழுதுற்றபோது அதனை மாற்றவேண்டிய முறையைப் பற்றி எம் கருத்தை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பெடல் இன்னதென்று அறியாத அன்பர் பொருட்டுச் சில சொற்கள் கூறுதல் தகும். மின்கிட்டாரின் தந்தி அதிர்வு மின்னோட்டமாக மாறி, ஒரு கம்பியின் வழியே ஆம்ப்ளிபயரை அடைகிறது. அவ்வழியின் இடையே நின்று, ஒலியைக் கரகரப்பாக்கியோ, எதிரொலி சேர்த்தோ அனுப்புவது பெடல். இதன் பிறப்பு வரலாறு சுவையுடையது. 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் என்பாரின் 'டோன்ட் வொரி' என்ற பாடலை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவு செய்தபோது, பதிவுக்கருவியில் நேர்ந்த ஒரு கோளாற்றால் இசையின் ஒரு பகுதி கரகரத்து ஒலித்தது. அவ்வொலியை வேண்டும்பொழுது எழுப்புதற்குரிய வழியைக் கிளென் ஸ்னாடி என்னும் ஒலிப்பதிவாளர் நாடினார். அதன் பயனாகக் கிப்ஸன் நிறுவனத்தார் 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' என்ற பாடல் அதன் புகழை உலகெங்கும் பரப்பிற்று. ஆகவே இக்கரகரப்புப் பெடலின் குலமே ஒரு பழுதினின்று தோன்றியது எனலாம். ஆயின் அப்பழுது இசையைத் தந்தது. கால் சுவிட்சின் பழுதோ மௌனத்தையே தருகின்றது.

வாசிப்பவனுடைய இரு கைகளும் தந்திகளின்மேல் இருக்கின்றன. ஓய்வாயிருப்பது கால் ஒன்றே. பாட்டின் நடுவில் தனித்து வாசிக்கவேண்டிய இடம் வந்ததும், அவன் சுவிட்சை ஒரு முறை மிதிக்கிறான். சுவிட்ச் செவ்வனே இயங்கின் எவரும் அதனை நினையார். இயங்காவிடினோ, பெடலுக்குப் பின்னுள்ள அனைத்தும் பயனற்றுப் போகின்றன. பல மாதப் பயிற்சியும், விலையுயர்ந்த கிட்டாரும், பெரிய ஆம்ப்ளிபயரும் விலை மலிந்த ஓர் உறுப்பின் முன் மண்டியிடுகின்றன.

இச்சுவிட்ச் கெடுவது ஏன்? இக்காலத்துப் பெடல்கள் பலவற்றில் உள்ளது ஒன்பது முனைகளையுடைய சுவிட்ச். மும்மூன்று முனைகள் கொண்ட மூன்று தொகுதிகளுள், இரண்டு ஒலியின் போக்கையும் வரத்தையும் மாற்றுகின்றன. மூன்றாவது சிறு விளக்கை ஏற்றி அணைக்கிறது. மிதிக்குந்தோறும் உள்ளிருக்கும் சிறு உலோகத் தகடுகள் ஊஞ்சற் பலகைபோல் ஒரு புறமிருந்து மறுபுறம் சாய்கின்றன. மனித உடலின் பாரம் அச்சிறு பொறியின்மேல் நேரே விழுகின்றது. தூசும் ஈரமும் உட்புகுகின்றன. தொடுமுனைகளின்மேல் மெல்லிய படலம் படிகின்றது.

வீட்டு விளக்கின் சுவிட்சிலும் படலம் படியத்தானே செய்யும் என்று வினவலாம். அங்கே 230 வோல்ட் மின்சாரம் பாய்கின்றது. சுவிட்சை இயக்கும்பொழுது எழும் சிறு பொறி அப்படலத்தை எரித்துவிடும். கிட்டாரினின்று வரும் மின்னழுத்தமோ பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைந்தது. அதன் மின்னோட்டம் மிக நுண்ணியது. படலத்தைத் துளைத்துச் செல்லும் வலிமை அதற்கில்லை. ஆகவே ஒலி விட்டுவிட்டு வருகின்றது. பின்னர் அறவே நின்றுவிடுகின்றது. சிலர் துப்புரவு மருந்தைத் தெளித்துச் சில நாட்களைக் கடத்துவர். அது தற்காலிகச் சாந்தியேயன்றித் தீர்வாகாது.

மாற்றுவது என்று துணிந்தவர் முதலில் குற்றம் சுவிட்சினுடையதே என்று தெளிதல் வேண்டும். கம்பியும், அது செருகும் துளையும், மின்சாரம் தரும் அடாப்டரும் அதே நோயைக் காட்டவல்லன. மல்டிமீட்டரை முனைகளில் வைத்து, மிதிக்குந்தோறும் தொடர்பு மாறுகின்றதா என்று பார்த்தல் எளிய சோதனை. மிதிக்கும்போது 'டப்' என்று கேட்கும் ஓசை மட்டுமே குறையாயின், அது சுவிட்சின் குற்றமாகாமலும் இருக்கலாம். உள்ளே கசியும் நேர்மின்னோட்டத்தை வடித்துவிடும் ஒரு மெகாஓம் மின்தடை இல்லாமையாலும் அவ்வோசை எழும். சுவிட்சே குற்றவாளி எனின், கம்பிகள் இருந்த நிலையைப் படம் எடுத்துக்கொண்டு கழற்றுக. ஈயம் பற்றவைக்கும்போது சூட்டை ஒரு முனையில் நெடுநேரம் நிறுத்தலாகாது. பிளாஸ்டிக் இளகித் தொடுமுனை நிலைபெயரும். உள்ளிருக்கும் மசகும் உருகித் தொடுமுனையில் பரவும். புதிய சுவிட்ச் சில நாட்களிலேயே கெட்டது என்று கடைக்காரரை நோவோரிற் பலர், அதனைத் தம் சூட்டுக்கோலாலேயே கெடுத்தவராவர்.

எனினும், கெட்டதை எடுத்துவிட்டு அதே இனத்தில் மற்றொன்றை வைப்பது மட்டும் போதுமா? போதாது என்பதே எம் கருத்து. ஒலி செல்லும் பாதையின்மேல் கால் விழலாகாது. மிதிபடும் உறுப்பு வேறு, ஒலியை மாற்றும் உறுப்பு வேறு என்று பிரித்தலே அறிவுடைமை. இது புதிதாகக் கண்ட நெறியன்று. ஜப்பானிய நிறுவனமாகிய பாஸ் 1977-இல் வெளியிடத் தொடங்கிய சிறு பெடல்களில் இந்நெறியைக் காண்கிறோம். அங்கே கால் விழுவது அகன்ற ஒரு தகட்டின்மேல். அத்தகடு கீழிருக்கும் சிறு பொத்தானை மெல்லத் தொடுகின்றது. பொத்தான் செய்வது ஒரு சைகை காட்டுதல் மட்டுமே. ஒலியின் வழியை மாற்றுவன உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள். பொத்தான் தேய்ந்தாலும் சிறு செலவில் மாற்றிவிடலாம்.

பழைய சுவிட்சை மாற்றுவோர் இன்று இதே நெறியை ரிலே கொண்டு பின்பற்றலாம். மெல்ல அழுத்தினாலே போதுமான ஒரு சுவிட்ச், அதன் சைகையை உணரும் சிறு மைக்ரோகண்ட்ரோலர், மூடிய கூட்டினுள் தூசு புகாத தொடுமுனைகளையுடைய ரிலே ஆகிய இம்மூன்றும் சேர்ந்தால், காலின் பாரம் ஒலியைத் தீண்டாது.

இதற்கு மறுப்பும் உண்டு. 1960-களிலும் அதன் பின்னரும் வந்த 'வா' பெடல்கள் பலவற்றில், அணைத்த பின்னரும் பெடலின் சுற்று ஒலிவழியைப் பற்றிக்கொண்டே இருந்து ஒலியை மங்கச் செய்தது. அக்குறையைப் போக்கவே, பெடலை முற்றிலும் ஒதுக்கிச் செல்லும் நேர்வழியையும், அதனைத் தரும் பன்முனைச் சுவிட்சையும் பலர் விரும்பலாயினர். மேலும், பாட்டரி தீர்ந்தாலும் அத்தகைய சுவிட்ச் நேர்வழியைத் திறந்து வைக்கும். டிரான்சிஸ்டர் முறையிலோ மின்சாரம் நின்றால் ஒலியும் நிற்கும். இவை நேர்மையான மறுப்புகளே. ஆனால் ரிலேயும் நேர்வழியைத் தரவல்லது. மின்சாரம் நின்றதும் தானே நேர்வழிக்குத் திரும்பும் வகை ரிலேயைத் தேர்ந்தால், இரண்டாவது குறையும் நீங்கும். அவ்வகை பெடல் ஒலிக்கும் நேரமெல்லாம் மின்சாரம் உண்ணும் என்பது மெய். 9 வோல்ட் பாட்டரியை நம்பியிருப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அடாப்டர் கொண்டு வாசிப்போருக்கு அது ஒரு பொருட்டன்று. பழமையால் மதிப்புப் பெற்ற அரிய பெடல்களை மட்டும் மாற்றாமல், ஒத்த சுவிட்சையே இட்டுக் காத்தல் முறை.

பெடல் செய்வோர்க்கும் ஒரு சொல். கால் சுவிட்சைத் தாய்ப்பலகையின்மேல் நேரே பற்றவைத்துவிடும் வழக்கம் நன்றன்று. அவ்வாறு செய்த பெட்டியில் சுவிட்சைக் கழற்ற முயல்வோர், பலகையையே கெடுத்துவிட நேரும். சுவிட்சைத் தனிச் சிறு பலகையில் வைத்து, செருகும் கம்பியால் இணைத்தால், எவரும் எளிதில் மாற்றுவர். கெடும் என்று அறிந்த உறுப்பைக் கழற்ற இயலாதபடி வைத்தல், வாங்குவோனுக்குச் செய்யும் வஞ்சனையே ஆகும்.

மாணவ அன்பர்களே! இது சிறு பெட்டியைப் பற்றிய சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் ஓர் உறுப்பு கெட்டது என்று முழுக்கருவியையும் எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. இயற்பியற் கூடத்தில் மின்தடையும் மின்னோட்டமும் கற்ற நாம், பெட்டியைத் திறந்து காணவும் அஞ்சுவோமாயின், கற்ற கல்வியால் யாது பயன்? நான்கு திருகுகளைக் கழற்றுங்கள். சோதித்துக் காரணத்தைத் தெளியுங்கள். பின்னர், முன்னிருந்ததினும் உறுதியானதை அங்கே வையுங்கள். மிதிபடும் உறுப்பே மிகவும் உறுதியானதாய் இருத்தல் வேண்டும்.