மெஷினுக்குப் பணம் வருது, நர்ஸ் சம்பளத்துக்கு வர்றதில்லையே ஏன்? மருத்துவமனை நன்கொடைகளின் கணக்கு

மார்ச் மாதம் வந்தால் அறக்கட்டளை மருத்துவமனைகளிடமிருந்து வாட்ஸ்அப் மெசேஜ் வருவது வழக்கம். 'நன்கொடை கொடுங்கள், 80ஜி வரிச்சலுகை உண்டு' என்று அதில் இருக்கும். ஆனால் 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறைதான் இயல்பான தேர்வு. 2025-26 முதல், அந்த முறையில் 12 லட்சம் ரூபாய் வரை சம்பாதிப்பவர்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவையும் சேர்த்தால் இது 12.75 லட்சம். இந்த வரிமுறையில் தனிநபர்கள் அறக்கட்டளைகளுக்குத் தரும் நன்கொடைக்கு 80ஜி கழிவு கிடையாது.

அதாவது, ஐடி நிறுவனத்திலோ வங்கியிலோ வேலை பார்க்கும் ஏராளமான இளைஞர்களுக்கு வரிச்சலுகை என்ற காரணம் இனி இல்லை. அப்படியானால் எதற்காகக் கொடுக்க வேண்டும்? கொடுக்கிற பணம் உண்மையில் எங்கே போகுது?

வரிச்சலுகை எவ்வளவு பெரிய விஷயம்?

பழைய வரிமுறையில், 80ஜி பதிவு பெற்ற பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குத் தரும் தொகையில் பாதியைத்தான் வருமானத்திலிருந்து கழிக்கலாம். 30% வரி வரம்பில் இருப்பவர் 10,000 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய் கழியும். செஸ் உட்பட அவருக்கு மிச்சமாகும் வரி 1,560 ரூபாய். மீதி 8,440 ரூபாய் அவர் கையிலிருந்து போவதுதான். அதற்கும் வருமானத்தில் 10% என்ற உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே கிடைக்காது.

ஆக, சலுகை இருந்த காலத்திலும் நன்கொடையின் பெரும்பகுதி கொடுப்பவரின் சொந்தச் செலவுதான். அதனால் எவ்வளவு வரி மிச்சம் என்பதைவிட, அந்தப் பணம் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதுதான் முக்கியம்.

அரசு காப்பீடு இருக்கே, அப்புறம் நன்கொடை எதுக்கு?

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2009 முதல் அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. இப்போதைய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெரிய அறுவை சிகிச்சைக்காக நிலத்தை விற்கும் நிலையிலிருந்து பல குடும்பங்களைக் காப்பாற்றியது இதுதான்.

ஆனால் இந்தத் திட்டங்கள் இயங்குவது 'பேக்கேஜ்' முறையில். இன்ன அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை நிர்ணயித்திருப்பார்கள். பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் பணம். நோய் என்பதோ அட்மிஷனில் தொடங்கி டிஸ்சார்ஜில் முடிவதில்லை. மலைக் கிராமத்திலிருந்து வரும் பஸ் செலவு, கூட வருபவர் இழக்கும் கூலி, மாதாமாதம் செய்யும் ரத்தப் பரிசோதனை, 'ஏன் போன மாசம் வரலை?' என்று வீடு தேடிப் போய்க் கேட்கும் பணியாளர். இவற்றுக்கெல்லாம் எந்த பேக்கேஜும் இல்லை. சமுதாய மருத்துவமனைகளில் நன்கொடை நிரப்பும் இடைவெளி இதுதான்.

ஒரு உதாரணம்: கூடலூர்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் மக்கள் வாழ்கிறார்கள். இவர்களுக்காக அஷ்வினி என்ற அமைப்பு 1990 முதல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்துகிறது. அந்தச் சமூகங்களைச் சேர்ந்த பெண்களே பயிற்சி பெற்று செவிலியர்களாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆனார்கள்.

அரசு காப்பீடு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, 1992-ல், இங்கே ஒரு சமுதாயக் காப்பீடு தொடங்கியது. குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டின. அது போதாத இடத்தை வெளியிலிருந்து வந்த நன்கொடை ஈடுகட்டியது. விளைவு என்ன என்பதையும் ஆய்வு செய்திருக்கிறார்கள். 2010-ல் வெளியான ஆய்வின்படி, காப்பீடு பெற்றவர்கள் மருத்துவமனையில் சேர்ந்த விகிதம் காப்பீடு இல்லாதவர்களைப் போல 2.2 மடங்கு. பணம் தடையாக இல்லாதபோது, வீட்டிலேயே முடங்கிக் கிடந்திருக்கக்கூடியவர்கள் சிகிச்சைக்கு வந்தார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்தப் பகுதியில் அதிகம் காணப்படும் இன்னொரு பிரச்சினை சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் அணு ரத்தசோகை. இது மரபணு நோய். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, சிறு ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். குளிர், நீர்ச்சத்துக் குறைவு, தொற்று போன்றவை தாங்க முடியாத வலியைத் தூண்டிவிடும். ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை அந்த வலித் தாக்குதல்களைக் குறைக்கும். ஆனால் அதைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பார்த்து மருந்தின் அளவைச் சரிசெய்ய வேண்டும்.

2047-க்குள் இந்த நோயை ஒழிக்கும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கியது. பரிசோதனை முகாம்களுக்கு அது உதவும். ஆனால் நோய் இருப்பது தெரிந்த ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு மருந்தும் கண்காணிப்பும் வேண்டும். இதைச் செய்வது பெரிய மெஷின் இல்லை. பிள்ளையின் பெயர் தெரிந்த, அதன் மொழி பேசும் ஒரு பணியாளர்தான்.

சிக்கல் எங்கே இருக்கு?

நன்கொடை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பொருளைத் தேடிப் போகிறது. ஸ்கேன் மெஷின், ஆம்புலன்ஸ், புதிய வார்டு கொடுத்தால் பெயர்ப்பலகை வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். ஆனால் மெஷின் வந்த மறுநாளே டெக்னீஷியன் சம்பளம், மின்கட்டணம், பரிசோதனை ரசாயனங்கள், வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்தே வரும். அதற்கு யாரும் பலகை வைப்பதில்லை.

பெருநிறுவனங்களின் சிஎஸ்ஆர் நிதிக்கு இன்னொரு வரம்பு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2% செலவிட வேண்டும். தொடர் திட்டம் என்றாலும், தொடங்கிய ஆண்டு போக அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான். அதற்குப் பிறகு நிறுவனம் மறுபடியும் புதிய திட்டமாக ஒப்புக்கொண்டால்தான் உண்டு. வாழ்நாள் முழுக்கத் தொடரும் நோய்க்கு இந்தக் கால அளவு பொருந்தாது.

வெளிநாட்டு நன்கொடையும் எளிதல்ல. 2020-ல் எஃப்சிஆர்ஏ சட்டத்தில் செய்த திருத்தம் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டு நிதியை வாங்கிச் சிறிய மருத்துவமனைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டது.

'என் பணம் சம்பளத்துக்குப் போகக் கூடாது' என்பது சரியா?

நன்கொடை கொடுப்பவர்கள் அடிக்கடி சொல்லும் நிபந்தனை இது. சொகுசு கார், ஆடம்பர அலுவலகம் என்று பணம் வீணாகும் என்ற பயம் புரிகிறது. ஆனால் மருத்துவமனையில் சிகிச்சை என்பதே மனிதர்களின் வேலைதான். நிர்வாகச் செலவில் கறாராக இருக்கும் எஃப்சிஆர்ஏ விதிகளே இதை ஒப்புக்கொள்கின்றன. மருத்துவமனை டாக்டர்களின் சம்பளம், பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் போன்றவை நிர்வாகச் செலவில் சேராது, அமைப்பின் நோக்கத்துக்கான நேரடிச் செலவு என்று அவை சொல்கின்றன.

ஒரு எளிய கணக்கு. 100 பேர் மாதம் 500 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 6 லட்சம். இதை ஒரே தவணையில் கொடுத்தால் ஒரு கருவி வாங்கலாம். மாதாமாதம் 50,000 ரூபாய் தவறாமல் வரும் என்று தெரிந்தால், ஒரு பணியாளரை நம்பிக்கையோடு நியமிக்கலாம். தொகை ஒன்றுதான். வருமா வராதா என்ற நிச்சயமின்மை போய்விடுவதுதான் வித்தியாசம்.

நன்கொடை இல்லாமலே நடத்த முடியாதா?

சில இடங்களில் முடியும். 1976-ல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கட்டணம் செலுத்துபவர்கள் மூலம் வரும் வருமானமே இலவச சிகிச்சையையும் தாங்குகிறது. ஆனால் கண்புரை ஒரு அறுவை சிகிச்சையில் தீர்ந்துவிடும். எண்ணிக்கை கூடினால் செலவு குறையும். கட்டணம் கட்டக்கூடிய நோயாளிகளும் ஏராளம்.

புற்றுநோயில் கதை வேறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில், திரட்டிய நிதியைக் கொண்டு 1954-ல் 12 படுக்கைகளுடன் சென்னை அடையாறில் தொடங்கியது புற்றுநோய் மையம். சிகிச்சை நீண்டது, மருந்து விலை அதிகம், ஏழைகளும் ஏராளம். அதனால் அங்கே நன்கொடையின் தேவை இன்றும் தீரவில்லை. நோயாளிகள் கிட்டத்தட்ட எல்லோருமே ஏழைகளாக இருக்கும் மலைப்பகுதி மருத்துவமனையில், ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும் வழியே கிடையாது.

அதற்காக, அரசு செய்ய வேண்டியதை நன்கொடையாளர்கள் தலையில் கட்டிவிடவும் முடியாது. சிகிச்சை மக்களின் உரிமை, நன்கொடை கொடுப்பவரின் விருப்பம். விருப்பம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. வீடு தேடிப் போகும் பராமரிப்பை அரசாலும் பெரிய அளவில் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. அப்படி அரசு முழுமையாக வந்து சேரும்வரை இடையில் தாங்கிப் பிடிப்பதே நன்கொடையின் வேலை.

கொடுப்பதற்கு முன் என்ன பார்க்கணும்?

• அமைப்பு வருமான வரித்துறையில் பதிவு பெற்றதா, ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய வரிமுறையில் இருந்தாலும் இந்தச் சோதனை அவசியம்.

• ஆண்டறிக்கையையும் தணிக்கைக் கணக்கையும் கேளுங்கள். எத்தனை பேருக்குச் சிகிச்சை என்பதோடு, எத்தனை பேர் தொடர் சிகிச்சைக்குத் திரும்பி வந்தார்கள் என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவமனை இந்தக் கேள்விக்குக் கோபப்படாது.

• கருவி வாங்கத் தருவதாக இருந்தால், அதன் பராமரிப்புக்கும் சேர்த்துத் தர முடியுமா என்று யோசியுங்கள்.

• கணக்கு திருப்தியாக இருந்தால் நிபந்தனையைத் தளர்த்துங்கள். 'எதுக்குத் தேவையோ அதுக்குப் பயன்படுத்துங்க' என்று சொல்லித் தரும் பணத்தைத்தான், அந்த மாதம் மருந்து தீர்ந்தால் மருந்துக்கும், ஜீப் பழுதானால் ஜீப்புக்கும் மருத்துவமனையால் செலவிட முடியும்.

• ஒரே தடவை பெரிய தொகை தருவதைவிட, சிறிய தொகையானாலும் மாதாமாதம் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். நிறுத்துவதானால் இரண்டு மாதம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்தை நம்பி அங்கே ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம்.