மூசி நதிக்கு அப்பால்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் செய்வது ஒன்றே. வாடகை வண்டி ஒன்றை அமர்த்திச் சார்மினாரைக் காட்டி, வளையல் வாங்கிக் கொடுத்து, இருட்டுமுன் செகந்திராபாத் திரும்பிவிடுவோம். இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் பலர் மூசி நதியைக் கால்நடையாகக் கடந்ததே இல்லை. 'அந்தப் பக்கம் நமக்கு என்ன வேலை?' என்னும் பேச்சு நம் இல்லங்களில் இன்னும் ஒலிக்கிறது. அதனை ஒரு நாள் ஒதுக்கி வைத்து நடந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டா. கீழே கூறும் காட்சிசாலைகள் இரண்டுக்கும் அன்று விடுமுறை.

மெட்ரோ ரயிலில் மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தில் இறங்கி, முதலில் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளியமரத்தைக் காண்க. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி பெருக்கெடுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனபோது, இம்மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 150 பேர் பிழைத்தனர். அவ்வழிவுக்குப் பின்னரே விசுவேசுவரய்யா வரவழைக்கப்பட்டார். 1920-இல் உஸ்மான் சாகர் அணை எழுந்தது.

பாலத்தைக் கடந்தால் சாலார் ஜங் காட்சிசாலை. மூன்றாம் சாலார் ஜங் திருமணம் செய்துகொள்ளாமல், செல்வத்தையெல்லாம் அரும்பொருள்களில் இறைத்தவர். அவர் மறைந்தபின் 1951-இல் நேரு இக்காட்சிசாலையைத் திறந்து வைத்தார். இப்போதைய கட்டடத்துக்கு மாறியது 1968-இல். பென்சோனி என்னும் இத்தாலியர் செதுக்கிய ரெபெக்காளின் முகத்திரை சலவைக்கல்லே என்று நம்பக் கண்ணுக்குச் சற்று நேரம் பிடிக்கும். இசைக் கடிகாரத்தின்முன் நண்பகல் பன்னிரண்டுக்குச் சென்று அமருங்கள். சிறு பொம்மை ஒன்று வெளிப்பட்டுப் பன்னிரண்டு முறை மணி அடித்துவிட்டு உள்ளே போகும். ரயில்வே உத்தியோகத்தில் இருப்பவனுக்கு, நேரம் தவறாமல் வந்து கடமை முடித்துச் செல்லும் அப்பொம்மையின்மேல் தனி மதிப்பு உண்டு!

அடுத்தது புரானி ஹவேலியில் உள்ள நிஜாம் காட்சிசாலை. வெள்ளிவிழாப் பரிசுகளை விரைந்து பார்த்துவிட்டு, ஆறாம் நிஜாமின் உடையலமாரியருகே நில்லுங்கள். அதன் நீளம் 176 அடி. அலமாரி என்பதைவிட ரயில் பெட்டிகளின் வரிசை எனல் தகும்.

இனிக் களைப்பாற வேண்டும். சார்மினாருக்கும் மெக்கா மசூதிக்கும் அருகே நிம்ரா என்னும் ஈரானித் தேநீர்க்கடை உள்ளது. 'ஈரானிக் கடையா?' என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல்: நம் காபியைப் போலவே இங்கும் டிகாக்ஷன் தனியே, சுண்டக் காய்ச்சிய பால் தனியே, இரண்டும் கோப்பையில்தான் கூடுகின்றன. துணைக்கு உஸ்மானியா பிஸ்கோத்து.

இக்கடை மரபை இந்நகருக்குக் கொணர்ந்தவர்களும் நம்மைப் போலப் பிழைப்புத் தேடி வந்தவர்களே. பாரசீகத்திலிருந்து பம்பாய் வழியாக வந்து சேர்ந்தனர். ஒரு கோப்பை தேநீருக்கு இரண்டு மணி நேரம் அமர்ந்து செய்தித்தாள் படிப்பவரை எழுப்பாத கடைகள் அவை. இன்று வாடகை உயர்ந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் வேறு தொழில் நாடுகின்றனர். அமர்ந்து பருகும் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. பெண்டிரையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அங்கே அமரும் வாய்ப்பு நமக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்குமோ? நின்றுகொண்டு பருக இயலாத முதியோருடன் செல்பவர்கள் மதீனா கட்டடத்தருகே உள்ள ஷாதாபில் அமரலாம். ஞாயிறு மாலை கூட்டம் மிகுதி. நான்கு மணிக்குள் சென்றால் இடம் கிடைக்கும்.