விலை கொடுத்து வாங்கும் தொழில் விருதுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழகத்தின் மாவட்டத் தலைநகரங்களில் ஆண்டுதோறும் ஒரே அச்சில் வார்த்த அழைப்பிதழ்கள் வந்து சேர்கின்றன. 'சிறந்த தொழிலதிபர்', 'தொழில் செம்மல்', 'மண்ணின் மைந்தர்' என்று பட்டங்கள். முன்பக்கத்தில் விருது பெறுவோர் பெயர்கள், கடைசிப் பக்கத்தில் பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்று ஸ்பான்சர்களின் பெயர்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்: பாதிப் பெயர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. யார் தேர்ந்தெடுத்தார்கள், எந்தப் பணிக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரி விளக்கம் கிடையாது. மேடையில் அமைச்சரோ மாவட்ட ஆட்சியரோ உட்கார்ந்திருப்பார். மறுநாள் நாளிதழின் இணைப்பிதழில் பொன்னாடையுடன் படம் வரும். அது காசு வாங்கிக்கொண்டு போட்ட விளம்பரம் என்ற குறிப்பு எங்கும் இருக்காது.

இந்த வழக்கத்தைக் கண்டித்தே இக்கடிதம்.

ஊருக்கு உழைத்த தொழில்முனைவோரைப் பாராட்டத்தான் வேண்டும். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் குடிநீரும் அரசால் மட்டும் இந்த நாட்டில் வந்துவிடவில்லை. பணம் கட்டியவருக்கும் பாடுபட்டவருக்கும் ஒரே கேடயத்தைக் கொடுத்தால் சிறுமைப்படுவது பாடுபட்டவர்தான்.

தொழிலில் ஈட்டியதை ஊருக்குக் கொடுப்பது எப்படியிருக்கும் என்று அறிய விரும்பும் விழாக் குழுவினர் ஒருமுறை காரைக்குடிக்குப் போய் வரட்டும். அருகிலுள்ள கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6 அன்று பிறந்தவர் அழகப்ப செட்டியார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்து, இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு திரும்பியவர். நூற்பாலைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டினார். 1947-இல் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று வேண்டினார். காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அழகப்பர் அங்கேயே அறிவித்தார். சில வாரங்களில், அதே ஆண்டு ஆகஸ்டில், சொந்தக் கட்டடம் எழும்வரை காத்திராமல் காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கிவிட்டன.

அடுத்து நடந்தது இன்னும் பெரிது. விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வுக்கூடங்களை அமைக்கத் திட்டமிட்டபோது, அவை பெருநகரங்களுக்கே போகும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் செட்டிநாட்டின் செம்மண்ணுக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஊரார் 'சிக்ரி' என்று அழைக்கும் அந்த நிறுவனம் மின்கலம், உலோக அரிப்புத் தடுப்பு ஆகிய துறைகளில் இன்றும் ஆய்வு செய்கிறது. ஆங்கில அரசு தமக்குக் கொடுத்த 'சர்' பட்டத்தை விடுதலைக்குப் பிறகு துறந்த மனிதர் அவர். 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 1957 ஏப்ரல் 5 அன்று மறைந்தார். எத்தனை மேடைகளில் அவருக்கு மாலை விழுந்தது என்ற கணக்கு எவருக்கும் தேவைப்படவில்லை. அவர் கொடுத்த நிலமும் அதன்மீது நிற்கும் கட்டடங்களும் கண்முன் இருக்கின்றன.

கோயம்புத்தூரில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்தார்கள். நான்கு பங்கு அவர்களுக்கு, ஐந்தாவது பங்கு அறத்துக்கு. 1926-இல் அப்படிப் பிறந்த அறக்கட்டளைதான் பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனங்களின் வேர். அதே ஊரில் ஜி.டி.நாயுடு 1920-இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். 1945-இல் பொறியியல் கல்லூரி தொடங்க அவர் கைகொடுத்தார். இன்று அது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அவிநாசி சாலையின் 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத் தமிழக அரசு 2025 அக்டோபரில் சூட்டியது. அவர் மறைந்து 51 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மரியாதை அது. அதற்காக அவரோ அவர் வீட்டாரோ எந்த விழா மலரிலும் முழுப்பக்க விளம்பரம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தனி மனிதர் பெயரே இல்லாத கொடையும் உண்டு. விருதுநகர் வணிகர்கள் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் பொதிக்கும் சிறு தொகையை மகமையாகப் பொதுநிதிக்கு எடுத்து வைத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியும் மகமையும் சேர்ந்து பள்ளிக்கூடங்களை வளர்த்தன. காமராஜர் சிறுவயதில் படித்த சத்திரிய வித்தியாசாலை அந்த ஊர்ப்பணத்தில் நடந்த பள்ளிதான். 'சிறந்த தொழிலதிபர்' பட்டத்தை அந்த ஊரில் யாருக்குக் கொடுப்பது? எடைபோட்ட தரகருக்கா, மூட்டை விற்ற கடைக்காரருக்கா, அரிசி எடுத்து வைத்த பெண்ணுக்கா?

இவற்றோடு இன்றைய விருது மேடைகளில் வாசிக்கப்படும் பாராட்டுரைகளை ஒப்பிட்டால் வருத்தமே மிஞ்சுகிறது. 'இந்த ஆண்டு மட்டும் சமூகப் பணிகளுக்கு இத்தனை கோடி வழங்கிய வள்ளல்' என்று படிக்கிறார்கள். அரங்கம் கைதட்டுகிறது. அந்தத் தொகையில் பெரும்பகுதி சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) பணம் என்பதை யாரும் சொல்வதில்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இது கடமை. வருமான வரியை ஒழுங்காகக் கட்டியதற்காக ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவோமா? சட்டம் கேட்டதற்கு மேல் எவ்வளவு கொடுத்தார், சட்டம் கேட்காதபோதே எவ்வளவு கொடுத்தார் என்பதிலிருந்துதான் கொடையின் கணக்குத் தொடங்க வேண்டும். இச்சட்டத்தின் கீழுள்ள விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: தன் பொருளுக்கு விளம்பரப் பயன் கருதிக் கொடுக்கும் ஸ்பான்சர் தொகையைச் சமூகப் பணியாகக் கணக்குக் காட்ட முடியாது. சட்டம் பிரித்து வைத்திருப்பதை விருது மேடை கலந்துவிடுகிறது.

அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அரசு பட்டங்கள் வழங்குவதையே தடை செய்கிறது. பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, எனவே அவற்றைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நாட்டின் உயர்ந்த விருதுக்கே அந்தக் கட்டுப்பாடு. ஒரு மாலை நேர விழாவில் வாங்கிய 'செம்மல்' பட்டமோ கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது.

அதைவிடவும் கொடுமை, ஊரைக் கெடுத்த கணக்கை எவரும் கேட்பதில்லை என்பது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பல லட்சம் பேருக்குச் சோறு போடுகிறது. அதில் இரண்டு கருத்து இல்லை. அதே ஊரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி உழவர்களின் நிலத்தைப் பாழாக்கியது. சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றுப் படுகைக்குச் செய்த கேட்டுக்கு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் குழந்தைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த ஆணையிட்டது. 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து, மழை பொய்த்த ஒரு கரிசல் ஊரையே தலைநிமிர வைத்த அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும் சிவகாசி கொண்டாடுவது நியாயம். பின்னாளில் அந்தத் தொழிலில் பிஞ்சு விரல்கள் பட்ட பாட்டையும் அதே மூச்சில் நினைவில் வைத்துக்கொள்வதும் நியாயம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் துணிவு இல்லாத குழுவுக்கு விருது கொடுக்கும் தகுதி இல்லை.

பட்டியலில் யார் இடம்பெறுவதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. மதுரை அழகர்கோவில் பக்கத்துச் சிற்றூர்க்காரரான சின்னப்பிள்ளை, களஞ்சியம் இயக்கத்தில் ஏழைப் பெண்களைச் சேர்த்துச் சேமிப்பும் கடனுமாக ஒரு பொருளாதாரத்தையே கட்டியவர். ஸ்த்ரீ சக்தி விருது வழங்கிய மேடையில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. பிளாட்டினம் ஸ்பான்சர் ஆகும் வசதி அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அத்தகையோரை உள்ளூர் விருதுக் குழுக்கள் எந்த அளவுகோலால் கண்டுபிடிக்கப் போகின்றன?

அரசு செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. ஸ்பான்சர் பட்டியலும் விருதுப் பட்டியலும் ஒன்றோடொன்று கலந்த எந்த விழாவுக்கும் அமைச்சர்களும் ஆட்சியர்களும் போகக் கூடாது. மாநகராட்சி அரங்குகளைச் சலுகை வாடகைக்கு விடவும் கூடாது. தொழில் வணிகச் சங்கங்கள் உண்மையிலேயே தங்கள் ஊர்க்காரரைச் சிறப்பிக்க விரும்பினால், தேர்வுக் குழுவின் பெயர்களை முன்கூட்டியே வெளியிடட்டும். அதில் ஓர் ஆசிரியரும் ஒரு தொழிற்சங்கத்தாரும் விருதுக்குப் பரிசீலிக்கப்படுபவரின் ஆலைக்குக் கீழ்ப்புறத்தில் பயிர் செய்யும் ஓர் உழவரும் இருக்கட்டும். தேர்வானவர் கட்டிய பள்ளி எது, வெட்டிய குளம் எது, தொழிலாளருக்குச் செலுத்த வேண்டிய வைப்புநிதியைத் தவறாமல் செலுத்தினாரா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ் ஏதும் நிலுவையில் உள்ளதா என்பதை ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஊராருக்குக் கொடுக்கட்டும். பத்து விருது கொடுக்க ஆள் கிடைக்காத ஆண்டில் ஒன்று கொடுத்தால் போதும்.

ஆசிரியர் அவர்களே, பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. விளம்பரம் செய்தியிலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட வேண்டும் என்பது இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நெறி. தங்கள் இதழ் இனி வெளியிடும் தொழில் சிறப்பிதழ்களில் பணம் பெற்ற ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'விளம்பரம்' என்று வாசகர் கண்ணில் படும் அளவுக்கு அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதோடு, மாதம் ஒரு பக்கமேனும், பணம் பெறாமல், தமிழகத்தின் ஏதேனும் ஓர் ஊருக்குப் பள்ளியோ நீரோ மருத்துவமனையோ தந்த ஒரு வணிகரைப் பற்றி, அவர் தொழிலின் நல்லது கெட்டது இரண்டையும் விசாரித்து எழுதச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி