43 நிமிஷத் தங்கம்

பூந்தமல்லியில் இருந்து எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கும் தோழி ஒருத்தர் கேட்டிருக்கிறார். "ஒரு உலோகத்தை அணுவால அடிச்சு தங்கம் பண்ணலாம்னு சொல்றாங்களே, நிஜமா? என்ன உண்டாச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? ட்ரங்க் ரோடு டிராஃபிக்ல நசுங்கி காலேஜ் போற எங்களுக்கெல்லாம் அந்த மெஷின் பக்கத்துல நிக்கவாவது சான்ஸ் உண்டா?"

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: நிஜம். 1980-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் க்ளென் சீபோர்க் குழு, பிஸ்மத் தகட்டை கார்பன், நியான் அயனிகளால் அடித்து தங்க அணுக்களை உண்டாக்கியது. ஜெனிவா சேர்ன் ஆய்வகத்தில் 2015-லிருந்து 2018 வரை ஈய அணுக்கள் உரசிப் போனதில் பிறந்த தங்கம் மொத்தம் 29 பிக்கோகிராம்னு 2025-ல் கணக்குச் சொன்னார்கள். மூக்குத்திக்குக் கூட தேறாது மேடம்!

ரெண்டாவது கேள்விதான் சூப்பர். டில்லியில் ஜே.என்.யூ. பக்கத்தில் இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் இருக்கிறது. யு.ஜி.சி. ஆரம்பித்தது. பழைய பெயர் நியூக்ளியர் சயின்ஸ் சென்டர். அங்கே 'பெல்லட்ரான்' என்று ஒரு நெட்டைக் கோபுரம். கார்பன் அணுவுக்கு எக்ஸ்ட்ரா எலக்ட்ரான் ஒன்று கொடுத்து மைனஸ் அயனியாக உள்ளே விடுவார்கள். நடுவில் இருக்கும் பாசிட்டிவ் முனை அதை இழுக்கும். அங்கே போனதும் மெல்லிய தகடு ஒன்று எலக்ட்ரான்களை உருவிவிடும். இப்போ அது ப்ளஸ் அயனி. இழுத்த அதே முனை இப்போ பிடிச்சுத் தள்ளும்! முனையில் 10 மில்லியன் வோல்ட், உருவியதில் 6 ப்ளஸ் என்றால், வரும்போது 10, போகும்போது 60, ஆக 70 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஒரே வோல்ட்டேஜில் ரெண்டு தடவை ஓசி சவாரி.

அது டான்டலம் தகட்டில் மோதினால்? டான்டலத்தில் 73 புரோட்டான், கார்பனில் 6. கூட்டுங்க... 79. தங்கம்! ஆனா கொதிக்கிற தங்கம். சூடு தணிய நியூட்ரான்களை உதறும். மூணு போனால் தங்கம்-190. அதன் அரை ஆயுள் சுமார் 43 நிமிஷம். ஆறு மணி நேரம் கழிச்சுப் போய்ப் பார்த்தால் முன்னூறில் ஒரு பங்கு கூட மிச்சமிருக்காது.

அதனால பீமை நிறுத்தியதும் ஓட்டம்தான். தகட்டை எடுத்து, திரவ நைட்ரஜனில் குளிரவைத்த ஜெர்மானியம் டிடெக்டர் முன்னால் வைக்கணும். ஒவ்வொரு ஐசோடோப்பும் தனக்கென்று உள்ள எனர்ஜியில் காமா கதிர் விடும். அதுதான் கைரேகை. ரெண்டு பேருக்கு ரேகை ஒரே மாதிரி இருந்தால்? நேரம் போகப்போக எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறையுது என்று பார்ப்பார்கள். எனர்ஜியில் ஏமாத்தினாலும் அரை ஆயுளில் மாட்டிக்கும்.

எண்ணியது அப்படியே விடையாகிடாது. டிடெக்டர் பிடித்தது நூற்றில் எத்தனை என்று யூரோப்பியம்-152 வைத்து முன்னாடியே அளந்திருக்கணும். தகட்டின் தடிமன், பாய்ந்த அயனிகளின் எண்ணிக்கை, ஓடி வருவதற்குள் செத்துப்போன அணுக்கள், எல்லாத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் 'க்ராஸ் செக்‌ஷன்' கிடைக்கும். அதாவது, அந்த ரியாக்‌ஷன் நடக்க எவ்வளவு வாய்ப்பு. இதில் ஒன்று தப்பினாலும் பேப்பர் காலி.

அடிபட்ட அணு தகட்டில் உட்காராமல் முன்னாடி பாயும். பிடிக்க, விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் ஒரு அலுமினியத் தகடு. இங்கேதான் நிஜமான துப்பறியும் வேலை. சில சமயம் கார்பன் முழுசா ஒட்டாமல், ஒரு துண்டு மட்டும் ஒட்டி மீதி எஸ்கேப் ஆகிடும். 1961-ல் பிரிட், குவின்டன் என்ற ரெண்டு பேர் முதலில் மோப்பம் பிடித்தது இதை. எப்படிப் பிரிப்பது? ஒரே தகட்டுக்குப் பதில் மெல்லிய அலுமினியத் தகடுகளை வரிசையாக அடுக்குவார்கள். முழுசா ஒட்டினால் முழுத் தள்ளு, ஆழமா போய் நிற்கும். பாதி ஒட்டினால் பாதித் தள்ளு, முன்னாடியே நின்றுவிடும். கேரம்போர்டில் காயின் நின்ற இடத்தைப் பார்த்தே அடியின் வேகத்தைச் சொல்ற மாதிரிதான். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக ஆட்கள் இந்த வித்தையில் கில்லாடிகள்.

இப்ப மூணாவது கேள்வி. 'இதெல்லாம் ஐ.ஐ.டி. பசங்க மேட்டர்'னு நினைச்சு முக்கால்வாசிப் பேர் கேட்பதே இல்லை. எனக்கு அதில்தான் கோபம். இந்த சென்டர் கட்டப்பட்டதே பல்கலைக்கழகங்களுக்காக. உங்க கைடு பேரில் ப்ரொபோசல் அனுப்பணும். இன்ன அயனி, இன்ன எனர்ஜி, இத்தனை ஷிப்ட் (ஷிப்ட் ஒன்றுக்கு 8 மணி நேரம்), ஏன் வேணும் என்று கமிட்டி முன்னால் பேசி ஒப்புக்க வைக்கணும். ஓகே ஆனால் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு பீமுக்குக் காசு கிடையாது. எம்.எஸ்சி.க்காரர்களுக்கு கோடைப் பயிற்சி நடத்துவதும் உண்டு, வெப்சைட்டை ஜனவரியிலிருந்தே நோட்டம் விடுங்க. பீம் ராத்திரி 2 மணிக்கு வந்தாலும் அதுதான் உங்க டைம். ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டு போங்க.