"போன தடவை ஒண்ணும் ஆகலையே!"

சென்ற மாதம் என் நாத்தனார் ஊரிலிருந்து வந்திருந்தாள். தொண்டை வலி, லேசான காய்ச்சல். "அண்ணி, ஏதாவது மாத்திரை இருக்கா?" என்று கேட்டாள். என் கணவருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் கேப்ஸ்யூலை எடுத்துக் கொடுத்தேன். "போன வருஷம் இதான் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று அவளும் போட்டுக் கொண்டாள்.

பத்தே நிமிடம்தான். உள்ளங்கை அரிப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். என் மாமியார், "காணாக்கடிதான், வெற்றிலையில் மிளகு வச்சுக் கொடு, அடங்கிடும்" என்றார். அதற்குள் அவளுக்குக் குரல் கம்மி, மூச்சு வாங்க ஆரம்பித்து விட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்று இரவு அங்கேயே வைத்துக் கொண்டார்கள்.

"போன தடவை ஒண்ணும் ஆகலையே?" என்று டாக்டருக்குப் படிக்கும் என் அக்கா மகளிடம் கேட்டேன். "சித்தி, போன தடவைதான் ஆரம்பமே" என்றாள். அலர்ஜி உள்ளவர்களின் உடம்பு, முதலில் அந்த மருந்தை எதிரி என்று நினைத்து ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்துக் கொள்கிறதாம். மறுபடி அதே மருந்து உள்ளே போனால், ஹிஸ்டமின் போன்றவை ஒரேயடியாகக் கொட்டி மூச்சுக்குழல் இறுகி, ரத்த அழுத்தமும் இறங்கி விடுமாம். 1902லேயே ரிஷே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துக் குறைந்த அளவு விஷத்திலேயே இறந்ததைக் கண்டு சொன்னாராம். 1913ல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்ததாம்!

நமக்கோ இன்னமும் மிச்ச மாத்திரையைப் பகிர்வது பாசம். தொண்டை வலிக்கு அந்த மருந்து தேவைதானா என்றுகூட நான் யோசிக்கவில்லை. கொடுத்த கை என் கை என்பதை நினைத்தால் இன்றும் நடுங்குகிறது.

தோழிகளே, ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். வெறும் தடிப்போடு நின்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, மயக்கம் வந்தாலோ கை வைத்தியம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் எல்லாம் பெனிசிலின் குடும்பம்தான். 'ஏதோ ஒரு மாத்திரை ஒத்துக்காது' என்றால் டாக்டர் என்ன செய்வார்?

இப்போது என் நாத்தனாரின் பர்ஸில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று எழுதிய சீட்டு இருக்கிறது. என் வீட்டு மருந்து டப்பாவில் மிச்ச மாத்திரை ஒன்றுகூட இல்லை. உங்கள் வீட்டு டப்பாவையும் இன்றே திறந்து பாருங்களேன்!

- ஒரு இல்லத்தரசி, தஞ்சாவூர்.