வெறுங்கையுடன் திரும்பும் துணிவு

மாடு வாங்கப் போகிறவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், சுழி பார்ப்பார். மனம் ஒப்பாவிட்டால் விடைபெற்று வந்துவிடுவார். அவரைக் குறைகூறுவார் எவருமில்லை. ஆனால், அதே வீட்டு இளைஞன் மூன்று இலட்சம் ரூபாவை எடுத்துக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கத் தூரத்து ஊருக்குப் புறப்படும்போது, அந்தப் பழைய எச்சரிக்கை எங்கோ மறைந்துவிடுகிறது.

பழைய வண்டியைத் தேடுவது குற்றமன்று. பல குடும்பங்களுக்கு அதுவே இயன்ற வழியாகும். 2020ஆம் ஆண்டு மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கடந்தன. அக்காலத்திலே பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறியதை யாவரும் அறிவர். அதனால், உள்ளூரில் அகப்படாத வண்டியை வேறு மாவட்டத்திலே தேடும் பழக்கமும் வளர்ந்தது. கைத்தொலைபேசியிலே படம் வருகிறது. விலை மலிவாகத் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்து இளைஞன் கம்பஹாவுக்கும், மட்டக்களப்பு இளைஞன் குருணாகலுக்கும் பயணமாகிறான். அவன் கையிலுள்ள பணமோ பெரும்பாலும் தாயின் சங்கிலியை அடகு வைத்துப் பெற்ற பணம். வன்னியிலே, பஸ் அருமையாக வரும் ஒரு பாடசாலையில் ஆசிரிய நியமனம் பெற்றவனுக்கு அந்த வண்டிதான் தொழில். ஆதலால், இங்கே நாம் பேசுவது விளையாட்டுப் பொருளொன்றைப் பற்றியன்று.

தூரத்தில் வாங்குவதிலுள்ள பெரிய ஆபத்து வண்டியிலும் இல்லை, விற்பவரிடத்திலும் இல்லை. வாங்குபவரின் மனத்திலேயே இருக்கின்றது. இரவு முழுவதும் பஸ்ஸிலே விழித்திருந்து, நானூறு கிலோமீற்றர் வரை கடந்து, விடியற்காலையிலே அந்த வீட்டு வாசலில் நிற்பவனின் உள்ளம், “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று சொல்லத் தொடங்குகிறது. எண்ணெய் ஒழுகினால், “இது சிறு குறைதானே” என்கிறது. பத்திரம் ஒன்று குறைந்தால், “பிறகு அனுப்புவார்” என்கிறது. விற்பவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாங்குபவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். பயணத்துக்குச் செலவான பணம் வண்டியை வாங்கினாலும் திரும்பாது, வாங்காவிட்டாலும் திரும்பாது. சில ஆயிரத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிச் சில இலட்சத்தை இழப்பது கணக்குத் தெரிந்தவர் செயலாகாது.

ஆகையால், புறப்படுமுன் வீட்டிலிருந்தே செய்யக் கூடியவற்றைச் செய்து முடித்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழின் படத்தை அனுப்புமாறு கேளுங்கள். அதிலுள்ள பெயரும் விற்பவரின் தேசிய அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். கடனிலே வாங்கிய வண்டியானால், கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளர் என்னும் இடத்திலே பதிந்திருக்கும். அக்கடன் தீர்ந்ததற்கும், நிறுவனம் தன் உரிமையை விடுவித்ததற்கும் எழுத்து மூலமான சான்று இல்லாமல் வண்டியைத் தொடலாகாது. பதிவு இலக்கத்தைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் விசாரியுங்கள். வெளிநாடு செல்ல இருப்பதாகவும், அவசரமென்றும், முற்பணத்தை வங்கியில் இட்டால் வண்டியை லொறியில் ஏற்றி அனுப்புவதாகவும் ஒருவர் சொல்வாராயின், அப்பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். காணாத வண்டிக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

தனியே போகாதீர்கள். அவ்வூருக்கு அண்மையிலே உறவினரோ நண்பரோ இருந்தால், அவர் முதலில் ஒரு முறை பார்த்துவருதல் பெரும் செலவை மிச்சமாக்கும். வண்டியைப் பரிசோதிக்கும் மெக்கானிக் நீங்கள் கூலி கொடுத்து அமர்த்தியவராக இருக்க வேண்டும். விற்பவர் காட்டும் மெக்கானிக்காக இருத்தல் கூடாது. விற்பவரின் மொழியை அறியாதவராயின், இரு மொழியும் அறிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வாசிக்கத் தெரியாத தாளிலே கையொப்பமிடுவது எந்த மொழிக்காரருக்கும் ஆகாது. சந்திப்பு வீதியோரத்திலன்றி, விற்பவரின் வீட்டிலே, பகல் வெளிச்சத்திலே நடைபெறட்டும். வண்டி வழக்கமாக நிற்கும் இடத்துத் தரையைப் பார்த்தாலே எண்ணெய்க் கறை பல செய்திகளைச் சொல்லிவிடும்.

“நாங்கள் வரும்வரை இயந்திரத்தை இயக்க வேண்டாம்” என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் இயந்திரத்தின் அருகே கையைக் கொண்டு சென்று பாருங்கள். சூடாக இருந்தால், ஆறும் வரை காத்திருங்கள். குளிர்ந்த இயந்திரம் மறைக்காத குறையைச் சூடான இயந்திரம் மறைக்கும். இயக்கியபின் நீலநிறப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகின்றது; கரும்புகை வந்தால் பெற்றோல் மிகுதியாகச் செல்கின்றது. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சில்லு நிலத்தில் படாதவாறு உயர்த்தி, ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவிலே தடக்கினால் உள்ளிருக்கும் பெயாரிங் தேய்ந்துள்ளது. செயின் ஓடும் பற்சில்லின் பற்கள் கொக்கிபோல வளைந்துள்ளனவா, முன் போர்க்கிலே எண்ணெய் கசிகின்றதா, ஹாண்டில் கழுத்தருகே புதிதாக ஒட்டுவைத்த அடையாளமோ புதுப் பூச்சோ உண்டா என்பவற்றையும் கவனியுங்கள். மீற்றர் குறைந்த தூரத்தைக் காட்ட, கால்மிதியின் றப்பர் தேய்ந்து வழுவழுப்பாக இருக்குமாயின், மீற்றரை நம்புவதா, றப்பரை நம்புவதா என்று சிந்தியுங்கள். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட காலத்தைக் கூறும்: 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம் என்பது பொருள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலே நாட்டின் பல பகுதிகள் மூழ்கின. ஆதலால், விளக்குக் கூட்டினுள் சேற்றுப்படிவும், பால்போன்று வெளிறிய எண்ணெயும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் இப்பொழுது அவசியமாகிவிட்டது.

இவ்வளவு குறைகளையும் ஒரு நல்ல கராஜிலே திருத்திவிடலாம். திருத்த முடியாதது பத்திரக் குறையே. இயந்திரத்திலும் செசியிலும் பொறித்த இலக்கங்களைச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அராவிய அடையாளம் இருக்கிறதா என விரலால் தடவிப் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றையும் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “ஓப்பன் பேப்பர்” என்னும் வழக்கத்துக்கு இணங்காதீர்கள். மாற்றப் படிவத்திலே விற்பவர் கையொப்பம் மட்டும் இட்டு, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுப்பதே அது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் விற்றவரும் வாங்கியவரும் அதனை அறிவிக்க வேண்டும் என்று விதிக்கின்றது. வெறுந்தாளோடு கைமாறிய வண்டி பிறகு ஒருவரை மோதிவிட்டால், பொலிஸார் முதலில் தேடிச் செல்வது பதிவிலுள்ள பெயருக்குரியவரின் வீட்டையே. வாங்கியவரின் நிலையும் மேலானதன்று. கையொப்பமிட்டவர் இறந்தாலோ கடல் கடந்து சென்றாலோ, பணம் கொடுத்து வாங்கிய வண்டி சட்டத்தின் முன் அவருடையதாகாது நிற்கும். எனவே படிவத்தை முழுமையாக நிரப்பி, இருவரும் கையொப்பமிட்டு, பணத்தை வங்கியிலே வைத்துக் கொடுத்து, பற்றுச்சீட்டையும் பெற்ற பின்னரே சாவியை வாங்குங்கள்.

மாணவர்கள் இங்கே ஒரு பொருளியற் கருத்தையும் அறிந்துகொள்ளலாம். ஜோர்ஜ் அக்கர்லொவ் என்னும் அமெரிக்க அறிஞர் 1970இல் பழைய மோட்டார் வாகனச் சந்தையை எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் நல்ல வண்டிக்கும் குறைந்த விலையே சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவர் மனங்கசந்து சந்தையை விட்டு விலகுவார். எஞ்சுவது குறையுள்ள வண்டிகளே. 2001இல் அவர் வேறு இருவருடன் நோபெல் பரிசு பெற்றதற்கு இத்தகைய ஆய்வே காரணமாயிற்று. தூரம் கூடக்கூட வாங்குபவரின் அறியாமையும் கூடும் என்பதை நாம் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். நுணுகிப் பார்ப்பது நேர்மையான விற்பனையாளருக்குச் செய்யும் அவமரியாதையன்று. அவர் கேட்கும் நியாய விலையை மனமுவந்து கொடுப்பதற்கு அதுவே வழி. நம்மவரிடத்திலே முகத்தாட்சணியம் மிகுதி. வாசலில் வரவேற்று, தேநீர் கொடுத்து, “தம்பி, உங்களுக்கென்றபடியால்தான் இந்த விலை” என்று ஒருவர் சொல்லிவிட்டால், பிறகு செசி இலக்கத்தைப் பார்க்கக் குனிவதற்கே கூசுகிறோம். தேநீருக்கு நன்றி சொல்வது நாகரிகம். அதற்காக மூன்று இலட்சத்தைக் கொடுப்பது நாகரிகமாகாது.

பெற்றோரும் பிள்ளையை அனுப்பும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புதல் நன்று: “நல்லதாக இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்பி வா, ஒருவரும் கேட்கமாட்டோம்.” வாங்கி வந்தாலும் அன்றிரவே நெடுந்தூரம் ஓடிவர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பழக்கமில்லாத வண்டியைப் பகலிலே, இளைப்பாறி, செல்லுபடியான காப்புறுதியோடு கொண்டு வரலாம். அல்லது லொறியில் ஏற்றி அனுப்பலாம். வண்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் கேடில்லை. பிள்ளை பத்திரமாக வந்து சேர வேண்டும்.