மாதம் 63,000 ரூபாய்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருக்கோடியில் ஆறு விசைத்தறி ஓட்டும் தம்பதி, மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அவர் கையில் மஞ்சள் பை. உள்ளே வீட்டின் மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று.

"அக்கா, பாப்பாவுக்கு அமெரிக்காவுல இருந்து லெட்டர் வந்துருச்சுங்க. பேங்க்குல நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதுங்க" என்றார்.

பொதுத்துறை வங்கி ஒன்றில் 31 வருடம் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். கடைசி ஏழு வருடம் ஈரோடு வட்டாரத்தில் கடன் பிரிவு. அதனால் இந்தப் பத்திரப் பை எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று பத்திரத்தைப் பிரிக்கவில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பேனாவைப் பெண்ணிடம் கொடுத்து, நான் சொல்லச் சொல்ல அவளையே எழுதச் சொன்னேன்.

இரண்டு வருட முதுகலை. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, விமானம் எல்லாம் சேர்த்து 53 லட்சம். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் குடும்பம் போட வேண்டும் என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம். அது எட்டு லட்சம். மீதி 45 லட்சம் கடன். வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், மொரட்டோரியம் என்போம். கட்ட வேண்டாமே தவிர, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் பாதித் தொகை, இரண்டாம் வருடம் மீதி என்று வங்கி கொடுத்தால், மூன்று வருட முடிவில் வட்டி மட்டும் கிட்டத்தட்ட 12 லட்சம். கடன் 57 லட்சமாகிவிடும். அதை 15 வருடத்தில் அடைக்க மாதம் 63,000 ரூபாய். எல்லாம் சேர்த்தால் ஒரு கோடியே 13 லட்சம்.

பெண் எழுதி முடித்து நிமிர்ந்தாள். "மாசம் அறுபத்தி மூணாயிரமா? அப்பா, எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அம்மா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அவ நிம்மதியா படிக்கட்டும்னுதானுங்க அக்கா சொல்லல. அவளுக்கு எதுக்குங்க இந்தக் கவலையெல்லாம்?"

இந்த வார்த்தையை எத்தனை தாய்மார்களிடம் கேட்டிருக்கிறேன்! அன்பில் பிறந்த வார்த்தைதான். ஆனாலும் வெளிநாட்டுப் படிப்பில் நம் குடும்பங்களைச் சாய்ப்பதில் கட்டணத்துக்கு அடுத்தது இந்த மௌனம் என்றே நான் நினைக்கிறேன். கையெழுத்துப் போடும் நாளில் அந்த 22 வயதுப் பெண்ணும் கடன்தாரர்தான். பெற்றோர் இணைக் கடன்தாரர்கள். கடன்தாரருக்கே கடன் தெரியாமல் விமானம் ஏற்றி அனுப்புகிறோம்.

பெருந்துறைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் எங்கள் கிளையில் மகனுக்குக் கடன் வாங்கினார். பையன் ஒரு வருட முதுகலை முடித்து, இரண்டு வருடம் அங்கேயே வேலை தேடிப் பார்த்து, விசா முடிந்து திரும்பிவிட்டான். பெங்களூரில் 42,000 சம்பளத்தில் சேர்ந்தான். தவணைகளை அப்பா கொஞ்ச நாள் கட்டினார், பிறகு முடியவில்லை. 90 நாள் தாண்டியதும் கணக்கு வாராக்கடன் ஆனது. 60 நாளில் கட்டாவிட்டால் சொத்தை எடுத்துக்கொள்வோம் என்ற சர்ஃபேசி நோட்டீஸ் போனது. அதில் கையெழுத்துப் போட்டவள் நான். மூன்றாம் நாள் பையன் கிளைக்கு ஓடி வந்தான். வீடு அடமானத்தில் இருப்பதே நோட்டீஸைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "தெரிஞ்சிருந்தா முதல் வருஷமே திரும்பி வந்திருப்பேன் மேடம், ரூம் ரூமா மாறிக்கிட்டு ரெண்டு வருஷம் அங்கேயே உட்கார்ந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதான். பட்டறை இடத்தை விற்றுத்தான் கடனை முடித்தார்கள். வீடு பிழைத்தது.

அதனால்தான் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவருகிறேன். கடன் எவ்வளவு வாங்கலாம் என்பதை டாலர் சம்பளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளை படிப்பு முடிந்து நேராகச் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பி வந்தால் என்ன சம்பளம் கிடைக்கும்? அதில் பாதிக்குள் தவணை அடங்குமா? வெளிநாட்டு முதுகலையோடு வருகிறவருக்கு 60,000 கிடைக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பாதி 30,000. அதே வட்டியில், 15 வருடத் தவணையில், 27 லட்சம் வரையிலான கடனுக்குத்தான் அது தாங்கும். அந்த 27 லட்சத்துக்குள் மொரட்டோரியக் கால வட்டியும் அடக்கம். இதற்கு மேல் போகிற ஒவ்வொரு லட்சமும் இன்னொரு நாட்டின் விசா விதியை நம்பி வாங்குகிற கடன்.

அந்த விதிகள் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். கனடாவுக்குப் போக 2023 வரை வாழ்க்கைச் செலவுக்கென 10,000 கனடிய டாலர் காட்டினால் போதும். 2024 ஜனவரியில் அது 20,635 ஆனது. 2025 செப்டம்பரில் 22,895. பிரிட்டனில் படித்து முடித்தவர்கள் வேலை தேட இரண்டு வருடம் இருக்கலாம் என்பது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களில் இளங்கலை, முதுகலைக்காரர்களுக்கு 18 மாதமாகிறது. அமெரிக்காவில் படிப்புக்குப் பிறகு 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பென்றால் மேலும் 24 மாதம் வேலை பார்க்கலாம். அதன்பின் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். வெளிநாட்டிலிருந்து அழைத்துக்கொள்ளும் புதியவர்களுக்கான எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். நம் பிள்ளை சேரும்போது இருக்கும் விதி, முடிக்கும்போது இருக்குமென்று எந்தக் கன்சல்டன்சியும் எழுதித் தராது. அவர்களில் பலருக்குச் சம்பளமே பல்கலைக்கழகம் தரும் கமிஷன்தான். கமிஷன் தராத பல்கலைக்கழகம் அவர்கள் நீட்டும் பட்டியலில் ஏறுவது அபூர்வம்.

என் மகன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் முடித்த அவனும் முதலில் அமெரிக்கா என்றுதான் நின்றான். இதே கணக்கைச் சாப்பாட்டு மேசையில் இருவரும் போட்டோம். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவனே ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களைத் தேட ஆரம்பித்தான். 2019 அக்டோபரில் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கொரு முறை சிறிய பங்களிப்புத் தொகை, அதற்குள்ளேயே பஸ், ரயில் பாஸ். பெரிய செலவு, விசாவுக்காக முடக்கிவைக்க வேண்டிய கணக்கு. அப்போது அது 10,236 யூரோ, ஏறக்குறைய எட்டு லட்சம் ரூபாய். மாதாமாதம் அதிலிருந்தே 853 யூரோ எடுத்துச் செலவழிக்கலாம். பன்னிரண்டு லட்சம் கடனோடு படிப்பு முடிந்தது. அவனே கட்டி முடித்தான்.

ஜெர்மனியும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. முடக்கும் தொகை இப்போது 11,904 யூரோ. யூரோவில் பார்த்தால் ஆறில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டதால் நமக்கு 12 லட்சத்துக்கு மேல், அன்றைக்குவிட ஒன்றரை மடங்கு. ரூபாய் சரிவதற்கென்று கணக்கில் ஓர் இடம் ஒதுக்காமல் இரண்டு வருடச் செலவைத் திட்டமிடக் கூடாது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம், முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வசூலிக்கத் தொடங்கிவிட்டது. நான்கு பருவப் படிப்பை ஆறு பருவம் இழுப்பவர்கள் ஜெர்மனியில் நிறையப் பேர், என் மகனும் அப்படித்தான். அந்த மூன்றாவது வருடச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து அவன் பகுதிநேர வேலை போனது. நான்கு மாதம் என்னிடம் சொல்லவில்லை. ஜூலையில் வீடியோவில் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிள்ளையே மறைக்கிறான் என்றால், கணக்கே தெரியாத பிள்ளைகள் எவ்வளவு மறைப்பார்கள்? பெரும்பாலான நாடுகளில் மாணவர்கள் வேலை பார்க்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. அமெரிக்காவில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம், கனடாவில் 24, ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48. அதில் சாப்பாட்டுச் செலவு வரும், கட்டணம் வராது.

நம் ஊர்களில் இன்னொரு வழக்கம், பேலன்ஸ் காட்டுவது. பிரிட்டன் விசாவுக்கு 28 நாள் கணக்கில் பணம் நிற்க வேண்டும். ரெண்டு வட்டிக்கு ஒருவரிடம் வாங்கிப் போட்டு, விசா வந்ததும் திருப்பிவிடுவார்கள். என் கவுன்டரிலேயே அப்படி வந்து போன பணத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொகை பிள்ளை அங்கே சாப்பிட வேண்டிய சோறு. அதை இங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டால் அவள் எதைச் சாப்பிடுவாள்?

ஈடு பற்றியும் பலருக்குத் தெளிவில்லை. மாதிரித் திட்டப்படி 7.5 லட்சத்துக்கு மேல் சொத்து ஈடு வேண்டும். தோட்டம் ஆறு ஏக்கர் இருக்கிறதே என்று நம்பி வருவார்கள். சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்பதால் பெரும்பாலான வங்கிகள் அதை எடுப்பதில்லை. கடைசியில் குடியிருக்கும் வீடுதான் வரும். ஈடு இல்லாமல் தரும் நிதி நிறுவனங்களில் வட்டி கூடுதல். வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு, எம்.ஓ.டி. என்ற அடமானப் பதிவு என்று வாரக்கணக்கில் ஆகும். பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வங்கிக்கு வராதீர்கள். படிக்கிற காலத்திலேயே முடிந்த மட்டும் வட்டியைக் கட்டுங்கள். மகளாக இருந்தால் அரை சதவீதம் குறைக்கும் வங்கிகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். வங்கிக் கடனிலிருந்து நேராக அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். வரிப் பிடித்தம் இல்லை. கட்டும் வட்டிக்கு எட்டு வருடம் வருமான வரிக்கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

கடனுக்கு முன்னால் தேட வேண்டியது உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோ கையிலும் வரும். 1914-இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதில் ஒரு பங்கைக் கும்பகோணத்தில் இருந்த தன் குடும்பத்துக்குப் போகும்படி அவர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். என் கிளைக்கு வந்த பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட எந்த உதவித்தொகைக்கும் விண்ணப்பித்திருக்கவில்லை. கல்லூரியில் சொல்ல ஆளில்லை.

வங்கிகளிடமும் ஒரு கோரிக்கை வைக்கிறேன், முப்பது வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்ற உரிமையில். அனுமதிக் கடிதம் இன்றும் பல பக்க ஆங்கிலத்தில் போகிறது. கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டுகிறோம். நானும் காட்டியிருக்கிறேன், இன்றைக்கு அது உறுத்துகிறது. மொரட்டோரியம் முடிகிற நாளில் கடன் எவ்வளவாக நிற்கும், மாதத் தவணை என்ன, கட்டாவிட்டால் எது போகும் என்ற மூன்று விவரமும் தமிழில் ஒரே தாளில் வேண்டும். மாணவரும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் படித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் பத்து நிமிடமும் போதும்.

அன்று அந்தக் குடும்பம் மதியச் சாப்பாடு வரை எங்கள் வீட்டில்தான் இருந்தது. அப்பா ஒருமுறை, "தறியில ரெண்ட வித்தா கடன் கொறையுமுங்களா அக்கா?" என்று கேட்டார். பதிலை மகள் சொன்னாள்: "தறிய விக்க வேண்டாங்கப்பா." அமெரிக்கா வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டணச் சலுகை கேட்டு எழுதப்போகிறாளாம். ஏ.பி.எஸ்.ஸுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று என் மகனிடம் போனில் கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களுக்கு ஜூலை 15 கடைசி நாள் என்று அவன் சொன்னதையும் எழுதிக்கொண்டாள்.

காலண்டர் தாளை நான்காக மடித்து அவளே எடுத்துக்கொண்டாள். மஞ்சள் பையை அப்பா பிரிக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.